மாரியில் நின்றுபோகும் வைப்பர்

சோளகம் ஓய்ந்து வாடை எழும்பும் காலம் கமக்காரனுக்கு ஒரு கணக்கு. பழைய கார் வைத்திருப்பவனுக்கு வேறொரு கணக்கு. கமக்காரன் வானத்தைப் பார்க்கிறான். கார்க்காரன் ஆளியைத் தட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறான். பல மாதங்களாக அசையாது கிடந்த வைப்பர் சோம்பலுடன் எழுந்து, பாதி வழி போய், கண்ணாடியின் நடுவிலே நின்றுவிடுகிறது. வெளியே மழை பொழிந்தபடி இருக்கிறது. கார்க்காரர் யன்னலுக்கு வெளியே கையை நீட்டி அதனைத் தள்ளிவிடுகிறார். அது இன்னுமொரு முறை போய்வந்து மறுபடியும் நிற்கிறது. மறுநாட் காலை கராச்சிலே வண்டி நிற்கும். “மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்ற தீர்ப்பும் அங்கே ஆயத்தமாக இருக்கும்.

இத்தீர்ப்பைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத எண்ணினேன். பெரும்பாலான பழைய கார்களில் வைப்பர் நின்றுபோவதற்கு மோட்டார் காரணமன்று. காரணம் ஓர் உலர்ந்த றப்பர்த் துண்டாகவோ, இறுகிப்போன கிறீசாகவோ, துருப்பிடித்த ஓர் ஆணியாகவோ இருக்கும். கண்ணாடியில் தொடங்கிப் பற்றறி வரை ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு போனால் அது தானே வெளிப்படும். மோட்டாரிலே தொடங்கினால், நல்ல மோட்டார் ஒன்று பழைய இரும்புக்குப் போய்ச் சேரும்.

குடும்பப் பகுதியிலே வைப்பருக்கு என்ன அலுவல் என்று கேட்பாரும் உண்டு. பண்டத்தரிப்பிலிருந்து ஒருவர் நோயாளியை ஏற்றிக்கொண்டு கார்த்திகை மாத இரவொன்றில் சண்டிலிப்பாய், மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணாடியிலுள்ள ஒவ்வொரு மழைத்துளியிலும் பட்டுச் சிதறுகிறது. விளக்கில்லாத சைக்கிளில், ஒரு கையிற் குடையுடன் வருபவரை அந்தச் சிதறலுக்குள்ளே காண முடியாது. மணிக்கு நாற்பது கிலோமீற்றர் என்பது அப்படியொன்றும் பெரிய வேகமில்லை. ஆயினும் அவ்வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் பதினொரு மீற்றர் ஓடிவிடும். வைப்பர் மூன்று செக்கன் திகைத்து நின்றால், முப்பத்துமூன்று மீற்றர் தூரத்தைச் சாரதி குருடனாகக் கடக்கிறான். வண்டிக்குள்ளே பெண்டிர் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தெருவிலும் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்களில் இன்னும் ஓடும் பழைய கார்கள் பெரும்பாலும் இங்கிலாந்திற் பிறந்தவை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்து 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர், 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சமசெற், பின்வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், போட் அங்கிலியா முதலியன இவற்றுட் சில. மைனர் 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சத்தை எட்டியது. இங்கிலாந்திற் செய்த கார்களுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. 1971இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. செய்தவர்கள் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் யாழ்ப்பாணத்தார் கைவிடவில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குள் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. அப்பொழுது இந்த வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை அன்று சிறுவருக்கும் தெரிந்திருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, அதன் டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலமும் அதுவே. அக்காலத்திற் பழைய உறுப்பு எதனையும் எறியாமல் திருத்திப் பயன்படுத்தும் பழக்கம் எல்லோரிடமும் இருந்தது. இன்று கடைகளில் உறுப்புகள் கிடைக்கின்றன, திருத்துவோர்தாம் குறைந்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளைத் தூசு தட்டி வெளியே எடுத்தவர்கள் பலர். அவற்றின் வைப்பரைத் தூசு தட்டினவர்கள் சிலரே.

இனி, இந்தக் கருவி எவ்வாறு இயங்குகிறதென்று பார்ப்போம். மைனர் போன்ற வண்டிகளில் லூக்காஸ் கம்பனியார் செய்த சிறிய மின்மோட்டார் ஒன்று இருக்கும். மோட்டார் சுழல்வது, வைப்பர் போய்வருவது. சுழற்சியைப் போய்வரும் அசைவாக மாற்றுவதற்கு, மோட்டாரோடு சேர்ந்த பெட்டிக்குள் ஒரு பற்சில்லும் அதனோடு பொருந்திய ஒரு தண்டும் உண்டு. தண்டின் நுனியில், வளைந்துகொடுக்கும் உருக்குக் கம்பி ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அக்கம்பியின் வெளிப்புறத்தில் இன்னொரு கம்பி திருகாணியின் புரிபோற் சுற்றப்பட்டிருக்கும். இது ஒரு குழாய்க்குள்ளே முன்னும் பின்னும் இழுபடும். கண்ணாடியின் கீழே, வைப்பர்க் கை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சிறிய பெட்டி உண்டு. கம்பியிலுள்ள புரி அப்பெட்டிக்குள் இருக்கும் பற்சில்லைப் பற்றித் திருப்ப, கை ஆடுகிறது. ஆகவே ஒரு கை தடைப்பட்டாலும், கம்பி இறுகினாலும், குழாய் நசுங்கினாலும் பாரம் முழுவதும் அந்தச் சிறு மோட்டாரின் தலையிலேதான் விழும்.

முதலிற் கண்ணாடிக்கு வருவோம். இரண்டு கைகளையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு ஆளியைப் போடுங்கள். மணிக்கூட்டைப் போல ஒழுங்காக ஆடினால் மோட்டாருக்கு உயிரிருக்கிறது. குற்றம் றப்பரிலும் கண்ணாடியிலும் தேடப்படவேண்டும். அரை நிமிடத்திற் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமல் மோட்டாரைக் கழற்றுவோரை என்னென்பது! கழற்றுவதற்கே அரை நாள் செல்லும்.

குடாநாட்டு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களிற் பெரும்பாலும் வெயிலே ஆட்சி செய்கிறது. அந்த வெயில், றப்பரின் மெல்லிய விளிம்பைக் கண்ணாடியோடு வைத்து வாட்டுகிறது. விளிம்பு ஒரு பக்கமாக மடிந்து, இறுகி, வெடித்துவிடுகிறது. போதாததற்குச் சோளகக் காற்று செம்மண் தூசியையும் மணலையும் கொண்டுவந்து அதன் அடியிற் சேர்க்கிறது. மாரியிலே கெட்டதாக நாம் காணும் வைப்பர் உண்மையிற் சித்திரை வைகாசியிலேயே கெட்டுப்போனது. மழைக்குத் தெரிந்தபின்தான் நமக்குத் தெரிகிறது.

கண்ணாடியையும் பார்க்க வேண்டும். எங்கள் நிலத்தின் அடியிலிருப்பது சுண்ணக்கல். கிணற்று நீர் கனநீர். அந்நீராற் காரைக் கழுவி வெயிலில் நிறுத்தினால், நீர் ஆவியாகிப்போகச் சுண்ணாம்பு வெண்புள்ளிகளாகக் கண்ணாடியிலே தங்கிவிடுகிறது. கேத்தலின் உட்புறத்திற் படிவதும் இதே சுண்ணாம்புதான். நாட்பட நாட்பட அது கண்ணாடியை அரத்தைப்போற் சொரசொரப்பாக்கும்; எவ்வளவு நல்ல றப்பரும் அதன்மேல் வழுக்கிச் செல்லாது. இதற்கு மருந்து அடுக்களையிலேயே உண்டு. பாதித் தேசிக்காயையோ வினாகிரியில் நனைத்த துணியையோ கொண்டு கண்ணாடியைத் தேய்த்து, சில நிமிடங்கள் விட்டுச் சவர்க்கார நீராற் கழுவுக. அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். இரசாயனம் படிக்கும் மாணவர் இதன் சமன்பாட்டை எழுதிப் பார்க்கலாம். சாறு பூச்சில் வழிந்திருந்தால் உடனே நீர்விட்டுக் கழுவிவிடுவது நல்லது.

மழைத் தண்ணீர் ஒழுங்காக வழியாமல் எண்ணெய்ப் பூச்சுப்போற் படர்ந்தால், முன்னே போகும் லொறிகளின் புகையும் தெருவிலுள்ள எண்ணெயும் கண்ணாடியிற் படிந்திருக்கின்றன என்று அறியலாம். ஈரப் புகையிலையைக் கண்ணாடியில் தேய்க்கும் வழக்கம் பழைய லொறிச் சாரதிகளிடையே உண்டு. தண்ணீர் துளித்துளியாக நில்லாமல் ஒரே படலமாகப் பரவி வழிவதற்கு அது சிறிது நேரம் உதவும். ஆனால் அது வழிக்கு மாத்திரம் உதவும் உபாயம். வீடு வந்து சேர்ந்தபின் மறந்துவிடுவதற்கு அதுவே ஒரு சாட்டாகியும்விடும்.

வைப்பர் தடதடவென்று துள்ளிக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் கை முறுகியிருப்பதே காரணம். றப்பர் விளிம்பு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். நின்றால், ஒவ்வொரு முறையும் திசை மாறும்போது அது மறுபக்கம் சாய்ந்து இழுபட்டுச் செல்லும். கை முறுகியிருந்தால் ஒரு திசையில் இழுபடும். மறு திசையில் முட்டித் துள்ளும். மென்மையாகப் பிடித்துத் திருகி நேராக்கலாம். இன்னொரு காரியம்: புதிய யப்பான் வண்டிக்குரிய நீண்ட அலகை இந்தக் கிழ வண்டிக்கு மாட்டுவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. 1956 வரை வந்த மைனரின் கண்ணாடி தட்டையான இரு துண்டுகள். அவ்வாண்டில் வந்த மைனர் ஆயிரத்திலேதான் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. தட்டைக் கண்ணாடிக்கு வளைவுக்குரிய அலகு பொருந்தாது. நீளம் கூடக்கூட உராய்வும் கூடும். அந்த உராய்வைச் சுமக்கவேண்டியது அறுபது எழுபது வயது மோட்டார்.

கைகளைத் தூக்கிய பின்னும் வைப்பர் மெல்லவே ஆடினால், அல்லது ஆடவே இல்லையென்றால், இரண்டாம் படிக்குப் போகலாம். கைகளை முற்றாகக் கழற்றிவிட்டு, மோட்டாரின் பற்சில்லுப் பெட்டி மூடியைத் திறந்து, கம்பியைத் தண்டிலிருந்து விடுவிக்க வேண்டும். வேலைக்கு முன் பற்றறியின் ஒரு முனையைக் கழற்றிவைத்தல் அவசியம். இப்பொழுது கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். கைகள் இல்லாத நிலையில் அதனை இழுப்பதற்கு ஆறு இறாத்தலுக்குமேல், அதாவது 2.7 கிலோவுக்குமேல், விசை வேண்டியிருக்கக் கூடாது என்பது லூக்காஸ் கம்பனியார் வகுத்த அளவு. மீன் நிறுக்கும் விற்றராசு ஒன்றைக் கொளுவி இழுத்தால் கணக்குத் தெரிந்துவிடும். அதிகம் வேண்டியிருந்தால், குழாய்க்குள் இருக்கும் பழைய கிறீஸ் மெழுகாக இறுகியிருக்கிறது, அல்லது குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. கம்பியை உருவி, மண்ணெண்ணெயிற் கழுவி, குழாயையும் துடைத்து, புதிய கிறீஸ் இட்டால் நோய் தீரும். கைகள் பூட்டப்படும் அச்சுகளைச் சுற்றியுள்ள றப்பருக்கு எண்ணெய் ஆகாது, அது றப்பரை ஊதவைக்கும். இரண்டு துளி கிளிசரின் விட்டாற் போதும்.

இங்கே சிக்கனக்காரருக்கு ஒரு நற்செய்தி. கை அரைவட்டத்துக்குமேற் சுழல்வதில்லை. ஆகையால் அந்தச் சிறிய பெட்டிக்குள் இருக்கும் பற்சில்லின் ஒரு பக்கப் பற்களே வேலை செய்து தேய்கின்றன. மறுபக்கப் பற்கள் கார் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் இருந்தபடியே புத்தம் புதிதாக இருக்கும். கை தளர்ந்து, அங்குமிங்கும் ஆடினால், பெட்டியைத் திறந்து சில்லை அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டினாற் போதும். இன்னொரு ஆயுட்காலத்துக்கு அது வேலை செய்யும். இதனை அறியாமல் கொழும்பிலும் இந்தியாவிலும் உறுப்புத் தேடி அலைவோர் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைபவர்களே.

கம்பியும் இலகுவாக ஓடுகிறது, மோட்டார் மாத்திரம் சோர்ந்திருக்கிறதென்றால், அடுத்துப் பார்க்கவேண்டியது மின்சாரம். மாணவர்கள் ஓமின் விதியை இங்கே பயன்படுத்தலாம். பற்றறி பன்னிரண்டு வோல்ற்று. மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய மூன்று அம்பியர். வழியில் எங்கோ துருவினால் ஒரு ஓம் தடை மாத்திரம் ஏற்பட்டிருக்கிறதென வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வோல்ற்று அத்துருவிலேயே செலவாகிவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது ஒன்பது. கண்ணாடி காய்ந்து உராய்வு கூடினால் மோட்டார் ஐந்து அம்பியர் கேட்கும். அப்பொழுது ஐந்து வோல்ற்றுத் துருவுக்கே போய்விடும். எந்த வேளையில் மோட்டாருக்கு அதிகம் தேவையோ அந்த வேளையில்தான் அதற்குக் குறைவாகக் கிடைக்கிறது. கையைத் தூக்கினால் ஓடுவதும் கண்ணாடியில் வைத்தால் நிற்பதும் சிலவேளை இதனாலும் நேரும்.

துரு இருக்குமிடம் எது? பத்துக்கு ஏழெட்டு வண்டிகளில் ‘ஏர்த்’ என்று மெக்கானிக்குகள் கூறும் புவித்தொடுப்பிலேதான் அது இருக்கும் என்பது என் பட்டறிவு. மின்னோட்டம் ஒரு வட்டம். பற்றறியிலிருந்து கம்பி வழியாக வந்து, மோட்டாரைக் கடந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பற்றறிக்குத் திரும்பவேண்டும். வருகின்ற கம்பியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பும் வழியை ஒருவரும் பார்ப்பதில்லை. பொன்னாலையிலிருந்து காரைநகருக்குக் கடல் நடுவே செல்லும் வீதியில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கும், மாதகற் கரையில் நிற்கும் வண்டிக்கும் உப்புக்காற்று இந்தத் திரும்பும் வழியைத்தான் முதலில் அரிக்கும். புதிதாகப் பூச்சு அடித்த வண்டியில் துருவே வேண்டியதில்லை. ஆணியின் கீழ்ப் பூசப்பட்ட அழகான பூச்சே மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

எங்கள் அயலிலே திருமண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் கார் ஒன்றுண்டு. புதுப் பூச்சு அடித்து இரண்டு மாதத்துக்குள் அதன் வைப்பர் படுத்துவிட்டது. ஒரு கராச்சிலே மோட்டாரை மாற்றினார்கள், அது சரிவரவில்லை. பின்னும் ஒரு மோட்டார் வாங்கி மாற்றினார்கள்; அதுவும் அப்படியே. முகூர்த்த நாளிலே மழை பெய்தால் மாப்பிள்ளையை எப்படி ஏற்றுவதென்று உரிமையாளர் கலங்கி நின்றார். கல்லூரியிலே பௌதிகம் படிக்கும் அவருடைய மகன், ஒரு துண்டுக் கம்பியின் ஒரு முனையை மோட்டாரின் உடலிலும் மற்ற முனையைப் பற்றறியின் ஏர்த் முனையிலும் பிடித்தான். வைப்பர் துள்ளி எழுந்து ஆடியது. ஆணியின் கீழிருந்த பூச்சை அரத்தாளால் உரசி எடுக்க ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை. கழற்றிப்போட்ட முதல் மோட்டாரில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அது எங்கே போயிற்றென்று விசாரித்தபோது, இரும்பு வாங்குபவன் கொண்டுபோய்விட்டான் என்று விடை வந்தது.

உருகியையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மைனர் போன்ற வண்டிகளில் வைப்பருக்கும் பெற்றோல் அளவுகாட்டிக்கும் பிறேக் விளக்குக்கும் ஒரே உருகி வழியாகவே மின்சாரம் போகிறது. அங்கிருந்து செல்லும் கம்பிகள் பச்சை நிறம். வைப்பரோடு சேர்ந்து அளவுகாட்டியும் பிறேக் விளக்கும் செத்திருந்தால் உருகியைப் பாருங்கள். வைப்பர் மாத்திரம் செத்திருந்தால் உருகியைக் குறைசொல்ல வேண்டாம். ஆயினும் இந்த உருகியை நம்பியிருப்பதிலும் ஆபத்துண்டு. அது முப்பத்தைந்து அம்பியர் அளவில் எரிவது. வைப்பர் சிக்கி நின்றால் மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் பன்மடங்கு ஏறினாலும் அவ்வளவுக்கு எட்டாது. உருகி எரியாது, மோட்டாரே எரியும். ஆகவே வைப்பர் சிக்கியவுடன் ஆளியை நிறுத்துதல் வேண்டும். நல்ல மோட்டார் உண்மையாகவே எரிந்துபோவது இந்தக் கவனக்குறைவினால்தான்.

நின்ற வண்டியில் மெல்ல ஆடி, இயந்திரத்தின் வேகம் கூடியவுடன் தானும் விரைந்து ஆடும் வைப்பரையும் கண்டிருப்பீர்கள். பழைய டைனமோ மெதுவான ஓட்டத்தில் மின்சாரம் தருவதில்லை. இரவிலே பெரிய விளக்கும் எரிய, வைப்பரும் ஆட, பற்றறி தனித்து இரண்டையும் சுமக்கிறது. கிழட்டுப் பற்றறியானால் அது தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறான ஒரு நோயும் உண்டு. போட் கம்பனியாரின் பழைய பிறிபெக்ற், அங்கிலியா வண்டிகளில் வைப்பருக்கு மின்மோட்டார் கிடையாது. இயந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் எடுத்து, அந்த உறிஞ்சலாலேயே வைப்பரை ஆட்டினார்கள். வேகமூட்டியை மிதித்தால் உறிஞ்சல் குறையும், வைப்பர் சோரும். காலை எடுத்தால் வெறிபிடித்ததுபோல் ஆடும். லொறி ஒன்றை முந்துவதற்கு மிதிக்கும் அந்த நேரத்தில், லொறியின் சில்லுகள் சேற்றை வாரி இறைக்கும் அந்த நேரத்தில், வைப்பர் நின்றுவிடும்! அது பழுதன்று, அவ்வண்டியின் சுபாவம். வெடித்த றப்பர்க் குழாயை மாற்றிக் காற்றுக் கசிவை நிறுத்தலாம். சுபாவத்தை மாற்ற முடியாது. அவ்வண்டி வைத்திருப்போர் மழையில் ஒருவரையும் முந்தாதிருப்பதே மேல்.

இத்தனையும் பார்த்தபின்பே மோட்டாரைத் திறக்கவேண்டும். அப்பொழுதும் பெரும்பாலும் காண்பது என்ன? கரித் தூரிகைகள் தேய்ந்திருக்கும், அல்லது அவற்றின் வில் தளர்ந்திருக்கும். தூரிகை உரசும் செப்பு வளையத்தில் கரித்தூள் படிந்து பள்ளங்களை அடைத்திருக்கும். பெற்றோலில் நனைத்துப் பிழிந்த துணியால் வளையத்தைத் துடைத்து, பள்ளங்களை மெல்லிய குச்சியால் துப்புரவாக்கி, புதுத் தூரிகை போட்டு, பல்லுப் பெட்டியிலே புதுக் கிறீஸ் இட்டால் மோட்டார் மறுபிறவி எடுக்கும். லூக்காஸ் கம்பனியை ‘இருளின் இளவரசன்’ என்று ஆங்கிலேயரே கேலி செய்வதுண்டு. அக்கேலியில் எனக்கு உடன்பாடில்லை. எழுபது ஆண்டு உப்புக்காற்றுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஈடுகொடுத்த மோட்டாரைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை.

மாணவருக்கு இங்கொரு சுவையான வினா. அக்காலத்து மைனரிலும் ஒஸ்ரினிலும் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு தொடுக்கப்பட்டிருந்தது. பின்னாளில் வானொலிப் பெட்டி பூட்டுவதற்காகப் பலர் இதனை மறைமுனையாக மாற்றினர். மாற்றியபின் வைப்பர் மோட்டார் எதிர்த்திசையிற் சுழல வேண்டாமா? சுழலவில்லை. அம்மோட்டார்களில் நிலைக்காந்தம் இல்லை. காந்தப்புலத்தையும் மின்சாரமே உண்டாக்குகிறது. முனை மாறும்போது புலமும் மாறுகிறது, சுழலும் சுருளின் மின்னோட்டமும் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து மாறுவதால் திசை மாறுவதில்லை. நிலைக்காந்தம் உள்ள புதிய மோட்டாரைக் கொண்டுவந்து பழைய வண்டியிற் பூட்டுவோர் மாத்திரம் இதில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

வைப்பரை முதன்முதற் சிந்தித்தவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு மகிழ்ச்சி தரும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அன்டர்சன் அம்மையார் மாரிக்குளிரில் நியூயோர்க்குக்குப் போயிருந்தபோது, டிறாம் வண்டிச் சாரதி பனி மூடிய கண்ணாடியால் ஒன்றும் தெரியாமல் படும் அவதியைக் கண்டார். உள்ளிருந்து கைப்பிடியால் இயக்கக்கூடிய ஒரு துடைப்பானை வரைந்து 1903 நவம்பர் 10ஆம் தேதி காப்புரிமை பெற்றார். 1905இற் கனடாக் கம்பனி ஒன்றுக்கு அதனை விற்க முயன்றபோது, இதனால் வருமானம் வராதென்று மறுத்துவிட்டார்கள். காப்புரிமைக் காலம் முடிந்தபின்னரே உலகத்துக் கார்களெல்லாம் வைப்பர் பூட்டிக்கொண்டன. 1953இற் காலமான அவ்வம்மையாருக்கு அதனால் ஒரு சதமும் வரவில்லை.

எஞ்சியிருப்பது நிறுத்தும் நோய். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். சில வண்டிகளில் மழையும் தூவானமும் விட்டபின்னும் வைப்பர் விடுவதில்லை. ஆளியை நிறுத்தினாலும் ஆடிக்கொண்டே இருக்கும், அல்லது நடுக்கண்ணாடியில் நின்று கண்ணை மறைக்கும். கை கீழே வந்து படுத்தபின் மின்சாரத்தை வெட்டுவதற்குப் பல்லுப் பெட்டியின் மூடியில் ஒரு சிறிய தொடுகை உண்டு. அதன் மேலுள்ள வட்ட மூடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, கை எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்கும்படி அமைக்கலாம். திருப்பியும் சரிவராவிடில் தொடுகை தேய்ந்தோ ஒட்டியோ இருக்கிறது, அதனைத் துடைக்கவேண்டும். இதனைத் திருத்தப் பஞ்சிப்பட்டு, கையைக் கழற்றி அச்சில் வேறு பல்லிற் பூட்டி ஒப்பேற்றுவோர் உளர். அடுத்த மழையில் அந்தக் கை கண்ணாடிக்கு வெளியே போய்ச் சட்டத்தில் முட்டும்.

இவற்றையெல்லாம் மழை தொடங்கியபின் தெருவோரத்தில் நின்று செய்ய இயலாது. நல்லூர்த் தேர் முடிந்த வாரம் இதற்குத் தக்க காலம். மாரிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். கிணற்றடிக்கு அருகே வண்டியை நிறுத்தி, பிள்ளை ஒருவனை வாளியால் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றச் செய்து, பெரிய விளக்கையும் போட்டு, பத்து நிமிடம் வைப்பரை ஆடவிட்டுப் பாருங்கள். காய்ந்த கண்ணாடியில் ஒருபோதும் ஆடவிட வேண்டாம், மணல் கீறிவிடும். பத்தாவது நிமிடத்திலும் முதல் நிமிடத்து வேகம் இருந்தால் மூடியை மூடிவிடலாம். குறைந்திருந்தால், கைகளைத் தூக்கி நிறுத்துங்கள்.